நூற்றெட்டுல எட்டு மணி குறைஞ்சது ஏன்?

ஒரு ஜபமாலையை எடுத்து எண்ணிப் பார்த்தா 108 மணி இருக்கும். இந்துக்கள் மாலையிலயும் சரி, திபெத்திய பௌத்தர்கள் மாலையிலயும் சரி, அதுதான் கணக்கு. ஆனா 1865ல டேராடூன்ல இருந்து கிளம்பின ஒருத்தரோட மாலையில சரியா 100 மணிதான் இருந்துச்சு. அவர்கூட மாசக்கணக்கா நடந்த வியாபாரிகள் யாரும் அதை எண்ணிப் பார்க்கல. எண்ணியிருந்தா அவர் உயிரோட ஊர் திரும்பியிருப்பாரான்னு சொல்ல முடியாது.

அவர் பேரு நைன் சிங் ராவத். இமயமலையைத் தாண்டி, கூடாரத்துலயும் குளிர்லயும் ஆயிரக்கணக்கான மைல் நடந்து, நடந்த தூரத்தை காலாலயே அளந்தவர். இன்னைக்கு எபிசோட் அவரைப் பத்தியும், அவர் கடந்த ஒரு கணவாயைப் பத்தியும்.

கதை ஆரம்பிக்கிறது நம்ம ஊர்லதான். 1802ல சென்னை பரங்கிமலைப் பக்கத்துல வில்லியம் லாம்ப்டன் ஒரு நேர்கோட்டை இரும்புச் சங்கிலியால அளந்தார். அந்த ஒரு கோட்டுல இருந்து முக்கோணம் மேல முக்கோணமா போட்டு இந்தியா முழுக்க அளக்கிறதுதான் திட்டம். கோணம் அளக்கிற தியோடலைட் கருவி மட்டும் அரை டன் எடை. 1808ல அதை தஞ்சாவூர் பெரிய கோயில் மேல ஏத்தும்போது கயிறு அறுந்து, சுவர்ல மோதி, அடிபட்டுப் போச்சு. அதைச் சரி பண்ணி மறுபடியும் கிளம்பினாங்க. இப்படியே வடக்கே போய், இமயமலை அடிவாரத்துல நின்னு, நூறு மைலுக்கு மேல தள்ளி இருந்த எவரெஸ்ட்டோட உயரத்தைக் கணக்குப் போட்டு 1856ல வெளியிட்டாங்க.

அதுக்கு அப்புறம் சிக்கல். மலை உச்சி கண்ணுக்குத் தெரியும், அளக்கலாம். மலைக்குப் பின்னாடி இருக்கிறது தெரியாதே? திபெத்துக்குள்ள வெள்ளைக்காரங்களுக்கு அனுமதி கிடையாது. லாசா பூமியில எந்த இடத்துல இருக்குன்னே ஐரோப்பிய வரைபடங்கள்ல சரியா இல்லை. ரஷ்யா மத்திய ஆசியாவுல கீழ கீழ இறங்கி வந்துட்டு இருந்த காலம் அது. நடுவுல கிடக்கிற அந்த வெற்றிடத்தைப் பார்த்து பிரிட்டிஷ்காரங்களுக்குத் தூக்கம் வரல.

சர்வே துறையில கேப்டன் தாமஸ் ஜார்ஜ் மாண்ட்கோமரிக்கு ஒரு யோசனை வந்துச்சு. எல்லையில வெள்ளைக்காரனைத்தான் தடுக்கிறாங்க, வியாபாரியையும் யாத்ரீகனையும் தடுக்கிறதில்லை. அப்போ அவங்களையே சர்வேயர் ஆக்கினா என்ன? முதல்ல 1863ல அப்துல் ஹமீதுங்கிறவரை காரகோரம் கணவாய் வழியா யார்கண்டுக்கு அனுப்பினார். ஹமீது போய்ச் சேர்ந்தார், அளந்தார், ஆனா திரும்பி வர்ற வழியில இறந்துட்டார். அவரோட குறிப்புகள் மட்டும் வந்து சேர்ந்துச்சு. யோசனை வேலை செய்யுதுன்னு துறைக்குப் புரிஞ்சுது. விலை என்னன்னும் புரிஞ்சிருக்கணும்.

அடுத்து தேர்ந்தெடுத்தவங்கதான் நைன் சிங்கும் அவரோட சொந்தக்காரர் மணி சிங்கும். இன்னைக்கு உத்தராகண்ட்ல இருக்கிற ஜோஹார் பள்ளத்தாக்குல, மிலம்ங்கிற கிராமம்தான் நைன் சிங்கோட ஊர். கிட்டத்தட்ட 3,400 மீட்டர் உயரம். கோடையில மேல மிலம்ல இருப்பாங்க, குளிர்காலத்துல கீழ இறங்கிடுவாங்க. இந்தியாவுல இருந்து தானியம் போகும், திபெத்துல இருந்து உப்பு, வெண்காரம், கம்பளி வரும். அதுக்கு ஒண்ணு பின்னாடி ஒண்ணா மூணு கணவாய் ஏறி இறங்கணும். நம்ம ஆளுங்க ட்ரெக்குன்னு விடுமுறை போட்டுட்டுப் போற விஷயம் அவங்களுக்கு வருஷா வருஷம் சந்தைக்குப் போற வேலை. திபெத்திய மொழி தெரியும், அங்க பழக்கமும் உண்டு.

நைன் சிங் அதுக்கு முன்னாடியே ஜெர்மன் நாட்டு ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள்கூட 1855ல இருந்து வேலை பார்த்து கருவிகளைக் கத்துக்கிட்டவர். அந்தச் சகோதரர்கள்ல ஒருத்தரான அடால்ஃபை 1857ல காஷ்கர்ல தலையை வெட்டிக் கொன்னாங்க. ஆக, இந்த வேலைல என்ன நடக்கலாம்னு நைன் சிங்குக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அப்புறம் அவர் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தார். அதனாலதான் 'பண்டிட்'ங்கிற பேரு. பின்னால இந்த மாதிரி ரகசிய சர்வேயர்கள் எல்லாருக்குமே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு.

டேராடூன்ல பயிற்சி. முதல் பாடம் நடை. மேடோ, பள்ளமோ, பனியோ, ஒவ்வொரு அடியும் ஒரே நீளத்துல விழணும். 2,000 அடி வெச்சா ஒரு மைல். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளணும். மாலை ஒரு சுத்து முடிஞ்சா 10,000 அடி, அதாவது 5 மைல், நம்ம கணக்குல 8 கிலோமீட்டர். 108 மணியில எட்டு ஏன் குறைஞ்சதுன்னு இப்போ புரியும். 108ஐ வெச்சுக் கணக்குப் போட்டுப் பாருங்க, தலை சுத்தும்.

அடுத்து பிரார்த்தனைச் சக்கரம். திபெத்துல கையில வெச்சு சுத்திக்கிட்டே போவாங்களே, அது. உள்ள மந்திரம் எழுதின காகிதச் சுருள் இருக்கணும். இவரோட சக்கரத்துக்குள்ள வெத்துத் தாள், அதுல தூரமும் திசையும் குறிச்சுக்குவார். யாராவது பேச்சுக் கொடுக்க வந்தா சக்கரத்தைச் சுத்தி முணுமுணுக்க ஆரம்பிச்சுடுவார். பிரார்த்தனையில இருக்கிறவனை யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க. பெட்டியில ரகசிய அறை, அதுல செக்ஸ்டன்ட். சோழிக்குள்ள பாதரசம் ஊத்தி மெழுகு வெச்சு அடைச்சிருப்பார். ராத்திரி அதைக் கிண்ணத்துல ஊத்தினா அசையாத கண்ணாடி மாதிரி நிக்கும். நட்சத்திரத்தையும் அதோட பிம்பத்தையும் சேர்த்து அளந்தா அட்சரேகை கிடைச்சிடும். உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர். மேல போகப் போக காத்தழுத்தம் குறையும், தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும். கிட்டத்தட்ட 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ். டீ போடுற சாக்குல பாத்திரத்துல தெர்மாமீட்டரை விட்டா போதும், எத்தனை மீட்டர் உயரத்துல உட்கார்ந்திருக்கோம்னு தெரிஞ்சிடும்.

முதல் பயணத்துல நேபாளம் வழியா உள்ள போய், ஷிகாட்சே, கியான்ட்சே தாண்டி 1866 ஜனவரியில லாசா சேர்ந்தார். காசு தீர்ந்துபோய், நேபாள வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்துப் பிழைச்சார். அனுமதி இல்லாம வந்த ஒரு சீனாக்காரரை லாசாவுல எல்லார் முன்னாடியும் தலையை வெட்டுறதைப் பார்த்தார். அதுக்கு அப்புறம் வெளியில தலை காட்டுறதையே குறைச்சுக்கிட்டார். அப்படி இருந்தும் லாசா 29 டிகிரி 39 நிமிட அட்சரேகையில இருக்குன்னு அளந்தார். இன்னைக்கு ஜிபிஎஸ்ஸும் அதையேதான் சொல்லுது. அந்தப் பயணம் மொத்தம் சுமார் 1,200 மைல். அடிக் கணக்குல கிட்டத்தட்ட 25 லட்சம்.

இப்போ அந்தக் கணவாய்க்கு வருவோம். 1867ல நைன் சிங், மணி சிங், கல்யாண் சிங்னு மூணு பேர் பத்ரிநாத் வழியா மேல ஏறினாங்க. இலக்கு மேற்கு திபெத்துல தங்கம் தோண்டுறாங்கன்னு கேள்விப்பட்ட இடம். பத்ரிநாத்தைத் தாண்டினா மாணா கிராமம். அங்க இருந்து சரஸ்வதி ஆத்தை ஒட்டியே மேல போனா மாணா கணவாய், சுமார் 5,600 மீட்டர். அந்த உயரத்துல நாம இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலயும் கடற்கரையில கிடைக்கிறதுல பாதி ஆக்சிஜன்தான். பேசினாலே இரைக்கும். அங்க இவர் மூச்சு வாங்கிக்கிட்டே, வாய்க்குள்ள மந்திரம் மாதிரி எண்ணிக்கிட்டே, ஒரே அளவுல அடி எடுத்து வெச்சுப் போகணும். எண்ணிக்கை தப்பினா திரும்பிப் போய் ஆரம்பத்துல இருந்து எண்ண முடியாது.

ஜூலை கடைசியில கணவாயைக் கடந்து, சட்லெஜ் ஆத்தையும் தாண்டி, ஆகஸ்ட் கடைசியில நைன் சிங் தோக் ஜாலுங்குங்கிற தங்க வயலை அடைஞ்சார். கொதிக்கிற தண்ணி சொன்ன உயரம் 16,330 அடி, கிட்டத்தட்ட 4,980 மீட்டர். நாம பேஸ் கேம்ப்ல ரெண்டு ராத்திரி தாங்குறோமான்னு பார்க்கிற உயரத்துல ஒரு ஊரே குடியிருந்துச்சு.

அவர் கொண்டு வந்த விவரங்கள்தான் எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச பகுதி. காத்து அடிக்கிற வேகத்துக்குக் கூடாரம் நிக்காது. அதனால ஏழெட்டு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி அதுக்குள்ள கூடாரம் போட்டிருந்தாங்க, யாக் முடியில நெஞ்ச கறுப்புக் கூடாரம். கோடையில 300 கூடாரம் இருக்கும், குளிர்காலத்துல 600 ஆயிடும். தலைகீழா இருக்கேன்னு தோணுதா? காரணம் எளிமையானது. குளிர்ல மண்ணு உறைஞ்சு கல்லாயிடும், தோண்டின பள்ளம் இடிஞ்சு விழாது. உயிர் பிழைக்கிறதுக்கு மண்ணு உறையறது நல்லது, உடம்புக்குத்தான் கஷ்டம். தூங்கும்போது யாரும் நீட்டிப் படுக்கமாட்டாங்க. முட்டியும் முழங்கையும் தரையில ஊனி, காலை தலைவரைக்கும் மடக்கி, கையில இருக்கிற அத்தனை துணியையும் முதுகு மேல குவிச்சுக்கிட்டுத் தூங்குவாங்க. ஸ்லீப்பிங் மேட் பண்ற வேலையும் இதேதான், உடம்புச் சூடு தரைக்குப் போகாமப் பார்த்துக்கிறது. அந்தப் பயணத்துல மட்டும் சுமார் 850 மைல் பாதை வரைபடத்துக்கு வந்துச்சு.

இதைக் கேட்டுட்டு நம்ம துறை ஆளுங்க ஒரு கேள்வி கேட்பீங்க. அடியை எண்ணி அளந்தா பிழை சேர்ந்துக்கிட்டே போகுமே? ஆமா, போகும். ஏத்தத்துல அடி சுருங்கும், இறக்கத்துல நீளும். பத்தாவது நாள் பிழை ஒன்பதாவது நாள் பிழை மேல உட்காரும். அதுக்குத்தான் ராத்திரி நட்சத்திரம். ரெண்டு ஊரோட அட்சரேகை தெரிஞ்சா வடக்கு தெற்கா எவ்வளவு தூரம்னு வானமே சொல்லிடும். காலோட கணக்கை அதோட ஒப்பிட்டா, இந்த ஆளோட அடி நிஜமா எவ்வளவு நீளம்னு கண்டுபிடிச்சிடலாம். அதே அளவை கிழக்கு மேற்கு தூரத்துக்கும் போட்டுத் திருத்தலாம். ஒண்ணை ஒண்ணு சாராத ரெண்டு அளவை வெச்சு ஒண்ணை ஒண்ணு சரிபார்க்கிற இந்த முறையைத்தான் இன்னைக்கு உங்க போன்ல ஜிபிஎஸ்ஸும் அசைவு சென்சாரும் சேர்ந்து செய்யுது.

நைன் சிங்கோட சொந்தக்காரர் கிஷன் சிங் இதுல இன்னும் ஒரு படி மேல. 1878ல இருந்து 1882 வரைக்கும் திபெத்தைக் கடந்து துன்ஹுவாங் வரைக்கும் போயிட்டு வந்தார். வழியில கொள்ளைக்கு பயந்து குதிரையில போக வேண்டி வந்தப்போ, குதிரையோட முன்கால் எத்தனை தடவை தரையில விழுதுன்னு எண்ணிக்கிட்டே போனார்.

இனிமேதான் சங்கடமான பகுதி. நைன் சிங்குக்கு 1877ல லண்டன் ராயல் ஜியோகிராஃபிக்கல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்துச்சு. ஆசியாவோட வரைபடத்துக்கு அந்தக் காலத்துல இவர் அளவுக்கு யாரும் புது விவரம் சேர்க்கலைங்கிறதுதான் காரணம். அது நியாயமான மரியாதை. ஆனா அவர் அளந்தது யாரோட வீட்டை? அவரோட ஊருக்குத் தலைமுறை தலைமுறையா சோறு போட்ட சந்தை அது. அந்த மக்களோட நம்பிக்கையை வெச்சுத்தான் உள்ள போனார். லாசாவுல அவர் வேஷத்தைக் கண்டுபிடிச்ச ரெண்டு காஷ்மீர் வியாபாரிகள் காட்டிக் கொடுக்காம, காசும் கடன் கொடுத்து அனுப்பினாங்க. 1904ல பிரிட்டிஷ் படை கியான்ட்சே வழியா லாசாவுக்குள்ள நுழைஞ்சுது, வழியில நூத்துக்கணக்கான திபெத்தியர்கள் செத்தாங்க. அந்தக் கடைசிப் பாதையைத்தான் 38 வருஷம் முன்னாடி ஒருத்தர் மணி தள்ளி எண்ணிக்கிட்டே நடந்திருந்தார்.

அவரைத் துரோகின்னு சொல்ல எனக்கு மனசு வரல. சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், வேலையை யாரும் குறை சொல்ல முடியாத மாதிரி செஞ்சவர். ஆனா நாம சேகரிக்கிற டேட்டா நாளைக்கு யார் கைக்குப் போகும்ங்கிற கேள்வி நம்ம தலைமுறைக்குத்தான் புதுசுன்னு நினைச்சா, அது தப்பு. அந்தக் கேள்வி 100 மணி கோத்த அந்த மாலையிலயே இருந்துச்சு.

1962 போருக்கு அப்புறம் கணவாய்கள் மூடினதும் மிலம்மோட வியாபாரம் நின்னுபோச்சு. பெரும்பாலான குடும்பங்கள் கீழ இறங்கிட்டாங்க. இன்னைக்கு முன்சியாரியில இருந்து மிலம் பனியாறு வரைக்கும் ட்ரெக் போறவங்க, கூரை இல்லாத கல் வீடுகள் வரிசையா நிக்கிறதைப் பார்க்கலாம். 2004ல நைன் சிங் படம் போட்டு இந்தியா ஒரு தபால் தலை வெளியிட்டுச்சு. உலகத்தோட வரைபடத்துல லாசாவைச் சரியான இடத்துல வெச்சவரோட ஊரு, இன்னைக்கு முக்கால்வாசி காலி.

இமயமலைப் பக்கம் போற திட்டம் இருக்கிற நண்பர்களுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. அங்க போய் ஸ்டெப் கவுன்ட்டைப் பார்க்கும்போது 25 லட்சம்ங்கிற எண்ணும் ஞாபகம் வரட்டும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.