சாவி கொடுத்தவர் கடமை

ஒருவன் வீட்டின்மீது கல் விழுந்தால், எறிந்தவனைப் பிடிப்பது போலீஸாரின் வேலை என்று சொல்லிவிட்டு நாம் அப்பால் போய்விடுகின்றோம். அவ்வீடு பொதுப்பணத்தில் கட்டப்பட்டதாயும், அதில் அவனைக் குடிவைத்தவர்கள் அதிகாரிகளாயும் இருந்தாலோ? சாவியை எடுத்துக் கொடுத்த கைக்கு அவ்வாசலைக் காக்கும் பொறுப்பும் உண்டா, இல்லையா? இக்கேள்விக்குச் சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரம் அளித்த விடை அறியத்தக்கது. ஜாதிக்கொரு தெருவும் தெருவுக்கொரு கிணறும் கண்ட வமிசத்தில் வந்த நமக்கு இக்கதை முற்றிலும் அந்நியமாய்த் தோன்றாது.

முதல் உலக யுத்த காலத்தில், தென்மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பிப் பெருந்திரளான கறுப்பின மக்கள் சிக்காகோவில் வந்து குடியேறினர். அவர்களை ஒரு குறுகிய பகுதிக்குள்ளேயே அடைத்துவைக்க வெள்ளையரில் பலர் கையாண்ட முதற் கருவி வெடிகுண்டு. 1917 ஜூலை முதல் 1921 மார்ச் வரை, கறுப்பினத்தார் வீடுகள்மீதும் அவர்களுக்கு வீடு விற்ற தரகர்மீதும் விழுந்த குண்டுகள் 58. இடையில் 1919இல் மூண்ட கலகத்தில் 38 பேர் மாண்டனர். இரண்டாவது கருவி பத்திரம். இன்ன நிறத்தார்க்கு விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுதிக்கொண்ட உடன்படிக்கைகளைக் கோர்ட்டுகளும் நிறைவேற்றிக் கொடுத்துவந்தன. இது செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது 1948இலேதான்.

இந்நகரில் ஏழைகளுக்கு வீடு கட்டித்தர 1937இல் சிக்காகோ வீட்டு வாரியம் தோன்றியது. அதன் நிர்வாகத்தை ஏற்றவர் எலிசபெத் உட் என்னும் பெண்மணி. ஒரு காலத்தில் கல்லூரியில் ஆங்கிலம் போதித்தவர். 1943இல் வாரியத்தின் தலைவராக வந்த ராபர்ட் டெய்லர் கறுப்பினத்தவர். இவ்விருவரும் நல்லெண்ணம் படைத்தவர்களே. ஆனால் அக்கம்பக்கத்தில் எந்த நிறத்தார் எவ்வளவோ, அவ்வளவே குடியிருப்பிலும் இருத்தல் வேண்டுமென்று மத்திய சர்க்கார் விதித்த விதியொன்று தொடக்கத்திலேயே அவ்வாரியத்தின் கையைக் கட்டியிருந்தது. பிரிவினையை ஒழிக்க வேண்டிய சர்க்கார் அதனை அளந்து பங்கிட்டது.

இரண்டாம் யுத்தம் முடிந்து திரும்பிய போர்வீரர்க்கு வாரியம் தற்காலிக வீடுகள் அமைத்தது. 1946இல் ஏர்ப்போர்ட் ஹோம்ஸ் என்னும் இடத்தில், கறுப்பினத்தார் வரப்போகின்றனர் என்று கேட்டு, வெள்ளையர் சிலர் உரிமையின்றியே முந்திக் குடிபுகுந்தனர். டிசம்பரில் கறுப்பின வீரர் குடும்பங்கள் வந்திறங்கியபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு கல்லெறிந்தனர். பின்னர்த் துப்பாக்கிக் குண்டும் வீட்டினுள் பாய்ந்தது. அக்குடும்பங்கள் அகன்றன. நாட்டுக்காகப் போர்க்களம் சென்று மீண்டவர்களுக்கு ஊரார் அளித்த வரவேற்பு இது! மறுவருடம் ஆகஸ்டில் பெர்ன்வுட் பார்க்கில் எட்டுக் குடும்பங்கள் நுழைந்தவுடன் கூட்டம் ஐயாயிரமாயிற்று. வீதியிற் சென்ற கறுப்பினத்தாரை வண்டிகளிலிருந்து இழுத்துப்போட்டு அடித்தனர். இம்முறை ஆயிரத்துக்கு மேற்பட்ட போலீஸார் வந்தனர், குடும்பங்கள் நிலைத்தன. காவல் உறுதியாய் நின்றால் குடியும் நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் வாரியம் துணிந்து மேற்செல்லவில்லை. டிரம்புல் பார்க் உள்ளிட்ட நான்கு குடியிருப்புகள் வெள்ளையர்க்கென்றே தொடர்ந்து இருந்தன. டிரம்புல் பார்க்கின் கதவு திறந்த விதம் விந்தையானது. 1953இல் பெட்டி ஹோவார்ட் என்னும் கறுப்பினப் பெண்மணி வீடு கேட்டு விண்ணப்பித்தார். அவர் மேனி வெளுத்த நிறம். மனுவை வாங்கிய சிப்பந்தி அவரை வெள்ளையரென்றே எண்ணி வீடு ஒதுக்கிவிட்டார். பேரேடும் சாவிக்கொத்துமாய் இருந்து பிழைக்கும் நம் போன்ற கிராணிமார்க்கு இதில் நகைப்பும் உண்டு, நடுக்கமும் உண்டு. கொள்கையாகச் செய்யத் துணியாததை ஒரு சிப்பந்தியின் கண் பிசகு செய்துவிட்டது!

ஜூலை 30ஆம் நாள் ஹோவார்ட் குடும்பம் குடிபுகுந்தது. ஒரு வாரத்துக்குள் கல்மாரி தொடங்கியது. ஜன்னல்கள் உடைந்தன; உடைந்தவற்றைப் பலகை வைத்து அடைத்தனர். இரவெல்லாம் வாணவெடிகளை வெடித்து உறக்கத்தைக் கெடுத்தனர். போலீஸார் நூற்றுக்கணக்கில் நின்றனர். ஆனால் கல்லெறிந்தவரைக் கைதுசெய்து சிறைக்கனுப்பும் வேகத்தைக் காணோம். கறுப்பினக் குடிகள் வேலைக்குப் போவதும் வருவதும் போலீஸ் வண்டியிலே. குற்றம் செய்தவன் தெருவில் உலாவ, குற்றமற்றவன் கைதிபோல் வண்டியேறினான். வாரியம் அக்டோபரில் மேலும் பத்துக் கறுப்பினக் குடும்பங்களை அனுமதிக்கத் தீர்மானித்தது, பாராட்டத்தக்க செயல். எனினும் ஹோவார்ட் குடும்பம் பொறுக்கமாட்டாமல் 1954 மே மாதம் வெளியேறியது. அதே ஆகஸ்டில் எலிசபெத் உட் பதவியினின்று நீக்கப்பட்டார். நிர்வாகச் சீர்திருத்தம் என்பது வெளியிற் சொல்லிய காரணம். நிறப்பிரிவினைக்கு எதிராய் நின்றதே உண்மைக் காரணமென்று அவர் பகிரங்கமாகவே கூறினார். அக்குடியிருப்பில் வாழ்ந்த பிராங்க் லண்டன் பிரவுன் அந்நாட்களை வைத்து 1959இல் ஒரு நாவல் எழுதினார்; நாவலின் பெயரும் 'டிரம்புல் பார்க்' என்பதே.

வாரியம் வேறு என்ன செய்திருக்கக்கூடும் என்று கேட்கலாம். கலகக்காரரிற் பலர் அதன் குடிகளல்லர், சுற்றுப்புறத்துச் சொந்த வீட்டுக்காரர் என்பது மெய். அவர்களை அடக்குவது நகரசபைக்கும் போலீஸுக்குமே இயலும். அவர்களோ வாக்குச்சீட்டை எண்ணிக்கொண்டிருந்தனர். ஆனால் தன் குடியே அடுத்த குடியைத் துன்புறுத்தினால் வீட்டுக்காரர் கையில் ஓர் ஆயுதம் உண்டு. அது குடியுரிமை ஒப்பந்தம். இதனை எடுத்து வீசியது வேறொரு நாட்டு நகரசபை. லண்டனின் நியூஹாம் பகுதியில், ஆசிய அயலாரை இனத்துவேஷத்தால் வருத்திய ஒரு வெள்ளைக் குடும்பத்தை 1984இல் நகரசபை கோர்ட்டுக்கு இழுத்து வெளியேற்றியது. அதுவரை அந்நாட்டில் பெரும்பாலும் நடந்துவந்தது, அடிபட்டவரை வேறிடத்துக்கு மாற்றிவிடுவதே. வருத்தியவனுக்கு அதைவிட வெற்றி வேறென்ன வேண்டும்? பின்னர் 1996இல் இயற்றப்பட்ட பிரிட்டிஷ் வீட்டுச் சட்டம், குடியிருப்போன் மட்டுமின்றி அவன் வீட்டுக்கு வந்துபோவோர் செய்யும் தொல்லைக்கும் வீட்டைத் திரும்பப் பெறலாமென்று விரிந்தது. தொல்லை நேர்ந்திருக்க வேண்டியதில்லை, நேரத்தக்க நடத்தையே போதும் என்றும் அது வகுத்தது. ஆகவே, அஞ்சி நடுங்கும் அயலாரையே சாட்சிக் கூண்டில் ஏற்றவேண்டிய நிர்ப்பந்தம் குறைந்தது. அதிகாரிகளே கண்டதைச் சொல்லலாம்.

சிக்காகோ வாரியம் கற்ற பாடம் நேர்மாறானது. புது வீடுகளுக்குரிய இடத்தை நகரசபை ஒப்ப வேண்டுமென்று 1949இல் மாநிலச் சட்டம் வந்திருந்தது. வெள்ளையர் வட்டாரத்து அங்கத்தினர் தம் பகுதியில் இடங்கொடுக்க மறுத்தனர். வாரியம் வாய்மூடி இருந்தது. 1966இல் டொரதி கோத்ரோ என்னும் கறுப்பினப் பெண்மணியும் பிறரும் வாரியத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 1969இல் நீதிபதி ரிச்சர்ட் ஆஸ்டின் தீர்ப்பளித்தார். அந்நான்கு குடியிருப்புகள் நீங்கலாக, வாரியம் குடும்பங்களுக்கென்று கட்டிய வீடுகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பினத்தார் பகுதிகளில் இருந்தன. அந்நான்கிலோ கறுப்பினத்தார் இத்தனை பேர்க்கு மேற்படலாகாது என்று வாரியமே ஓர் அளவு வைத்து நடத்திவந்தது. அவற்றுள் ஒன்று டிரம்புல் பார்க். கூட்டம் கலைந்து பல்லாண்டு கழிந்த பின்னும், அக்கூட்டத்தின் கோரிக்கையை அலுவலகப் பேரேடு நிறைவேற்றிக்கொண்டே இருந்தது.