50 எம்எம்-ஆ, 85 எம்எம்-ஆ? முதல் ப்ரைம் லென்ஸ் வாங்கும் முன் அளக்க வேண்டியது இதுதான்

ஐப்பசி கடைசி நாளில் மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் கடைமுக தீர்த்தவாரி. மகா சிவராத்திரி சமயத்தில் மயூர நாட்டியாஞ்சலி. முகூர்த்த மாதங்களில் கல்யாண மண்டபங்கள். கேமராவோடு வந்த 18-55 லென்ஸிலேயே இத்தனையையும் சமாளிக்கும் ஒருவரிடம், இன்னும் ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் காசு இருக்கிறது. எதை வாங்கலாம்?

ப்ரைம் லென்ஸ் என்றால்?

ஜூம் ஆகாத லென்ஸ். கிட்டத்தில் எடுக்க வேண்டுமென்றால் நாம்தான் நடக்கணும். பதிலுக்குக் கிடைப்பது வெளிச்சம். கிட் லென்ஸ் 55 எம்எம்-ல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். இந்த இரண்டும் எஃப் 1.8 வரை திறக்கும். கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம்! ராத்திரி மேடையில் 1/25 நொடியில் கலங்கிப்போன கை முத்திரை, அதே ஐஎஸ்ஓ-வில் 1/250 நொடியில் தெளிவாக விழும். ஆடுபவரின் கண்ணில் ஃப்ளாஷ் அடிக்கவும் வேண்டாம்.

கேனானை எடுத்துக்கொண்டால், 2015-ல் வந்த 50 எம்எம் எஸ்டிஎம் சுமார் 160 கிராம். 1992-ல் வந்த 85 எம்எம் யுஎஸ்எம் 425 கிராம். விலையும் 85-க்கு பல மடங்கு அதிகம். இரண்டிலுமே கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி கிடையாது.

எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள்?

உண்மையான வித்தியாசம் இங்கேதான். பலரிடம் இருப்பது க்ராப் சென்சார் கேமரா. கேனானில் 50 எம்எம் போட்டால் அது 80 போலவும், 85 போட்டால் 136 போலவும் தெரியும். மேடையில் ஆடுபவரைத் தலை முதல் சலங்கை வரை எடுக்க, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 2 மீட்டர் உயரம் ஃப்ரேமுக்குள் வரணும். 50-க்கு சுமார் 15 அடி தள்ளி நின்றால் போதும். 85-க்கு 25 அடி. நாட்டியாஞ்சலியில் முன் வரிசைக்குப் பின்னால்தான் இடம் கிடைக்கும் என்றால் 85 வரம். அபிநயம், கண் அசைவு எல்லாம் கிடைக்கும்.

மண்டபத்தில் கதை தலைகீழ். 5 மீட்டர் அகலத்துக்கு நிற்கும் குடும்ப குரூப் போட்டோவுக்கு 50-லேயே 11 மீட்டர் பின்னால் போகணும். 85-ல் 19 மீட்டர்! பந்திக்கே போய்விடலாம். ஆனால் மணப்பெண்ணை மட்டும் தனியாக எடுக்க 85-க்கு ஈடில்லை.

“50-ல் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும்” என்று சொல்வதுண்டு. அது லென்ஸின் குற்றமில்லை, முகத்துக்கு மிக அருகில் போவதால் வருவது. உலகப் புகழ்பெற்ற ஹென்றி கார்ட்டியர்-பிரெஸ்ஸான் பெரும்பாலும் 50 எம்எம்-லேயே மனிதர்களைப் படம்பிடித்தவர். அவரிடம் இருந்தது ஃபிலிம் கேமரா என்பதால் 50 அங்கே 50-ஆகவே இருந்தது.

ஒரு எச்சரிக்கை. எஃப் 1.8 இருக்கிறது என்பதற்காக எப்போதும் அதிலேயே வைக்கக் கூடாது. ஃபுல் ஃப்ரேமில் 85 எம்எம்-ல் 2 மீட்டர் தூரத்து முகத்தை எடுத்தால், ஃபோகஸ் இருப்பது சுமார் 6 சென்டிமீட்டர் ஆழம்தான். கண் தெளிவாக, காது கலங்கலாக வரும். ஜோடியாக நிற்பவர்களுக்கு எஃப் 4-க்குப் போவதே பாதுகாப்பு.

தீர்த்தவாரிக்கு எது?

இரண்டும் வேண்டாம். உச்சி வெயிலில் எஃப் 1.8-க்கு வேலையில்லை, காவிரிக்கரைக் கூட்டத்துக்கு அகலம்தான் தேவை. கையில் இருக்கும் 18-55 போதும்.

ஆக, வருமானம் மண்டபத்தில் என்றால் முதலில் 50. மேடை, தனிநபர் படங்கள் என்றால் 85. காசு கொடுக்கும் முன் 18-55-ஐ 50-ல் வைத்து, ஜூமைத் தொடாமல் ஒரு நிகழ்ச்சி முழுக்க எடுத்துப் பாருங்கள். இடம் போதவில்லையா, எட்டவில்லையா என்று தெரிந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் அடித்துப் பார்க்கணும். உள்ளே சிலந்தி வலை போல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. டெல்டா மழைக்கால ஈரத்தில் அது இன்னும் பரவும். வாங்கிய லென்ஸையும் தோல் பையில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நல்லது.