தண்ணீரில் நின்றபடி வாடிய மிளகாய்ச் செடி



பிளஸ் ஒன் தாவரவியல் செய்முறை நினைவிருக்கிறதா? உருளைக்கிழங்கைக் குடைந்து, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, குண்டூசி குத்தி மட்டம் பார்ப்போமே, அந்த ஆஸ்மாஸ்கோப். தண்ணீர் செல் சவ்வு வழியாகத் தானே கசிந்து உள்ளே போகும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெறும்வரை அப்படியேதான் சொன்னேன். அது பாதி உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

1995 வாக்கில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், எங்க கொல்லையில மழைத்தண்ணி தேங்கி நிக்குது. மிளகாய்ச் செடி தண்ணியிலயே நின்னுக்கிட்டு வாடிப்போச்சு. ஏன் சார்?" வேர் அழுகியிருக்கும் என்றேன். "பிடுங்கிப் பார்த்தேன் சார், வேர் வெள்ளையாத்தான் இருந்துச்சு" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "பாடத்துல இருக்கிறதக் கேளும்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதன்பிறகு அவள் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

சவ்வு என்பது கொழுப்பால் ஆன படலம். அதன் வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் போக முடியும். ஆனால் இரத்தச் சிவப்பணுவில் அது அதைவிட வேகமாகப் பாய்கிறது. 1970-இல் மேசி, ஃபார்மர் என்ற இருவர் பாதரசச் சேர்மத்தைச் சேர்த்தால் அந்த வேகம் குறைந்துவிடுவதைக் காட்டினார்கள். கொழுப்பைப் பாதரசம் அப்படி அடைக்காது, புரதத்தை அடைக்கும். ஆகவே ஏதோ ஒரு புரதக் குழாய் இருக்க வேண்டும். ஆனால் அது எது என்று தெரியவில்லை. ருமேனியாவில் கியோர்கே பெங்கா 1986-இல் அதை நெருங்கினார். அவருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அங்கே உண்டு. எனக்கும் அதில் கொஞ்சம் உடன்பாடுதான்.

கண்டுபிடித்தவர் அதைத் தேடவே இல்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் பீட்டர் ஆக்ரி, இரத்தவகை ஆர்.எச். புரதத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். கூடவே ஒரு சின்னப் புரதம் ஒட்டிக்கொண்டே வந்தது. முதலில் அதைக் கலப்படம் என்றுதான் நினைத்தார். ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் அது ஏராளமாக இருந்தது. குடும்பத்தோடு ஃப்ளோரிடா சுற்றுலா போய்த் திரும்பும் வழியில் ஜான் பார்க்கர் என்ற மூத்த மருத்துவரிடம் இதைச் சொன்னார். பலகாலம் தேடும் தண்ணீர்க் குழாய் இதுவாக இருக்கலாமே என்றார் பார்க்கர். ஆப்பிரிக்கத் தவளையின் முட்டை செல்லில் அந்தப் புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி, நீர்த்த கரைசலில் போட்டார்கள். சாதாரண முட்டை அப்படியே இருந்தது. செலுத்திய முட்டை சில நிமிடங்களில் ஊதி வெடித்தது. 1992-இல் இது வெளியானது. பின்னர் வைத்த பெயர் அக்வாபோரின். 2003-இல் நோபல் பரிசு.

மறு ஆண்டே, 1993-இல், கலிஃபோர்னியாவில் கிறிஸ்டோஃப் மோரெல், மார்ட்டன் கிறிஸ்பீல்ஸ் குழுவினர் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் வாக்குவோல் சவ்வுப் புரதம் ஒன்றை அதே தவளை முட்டையில் சோதித்தார்கள். அதுவும் தண்ணீர்க் குழாய்தான். மனிதனுக்கு 13 அக்வாபோரின் மரபணுக்கள். அந்தச் சின்னச் செடிக்கு 35, நெல்லுக்கு 33. நமக்குத் தாகம் எடுத்தால் எழுந்துபோய்ச் செம்பில் மொண்டு குடிக்கலாம். செடி நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். எந்தக் குழாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான் அதன் பிழைப்பு.

குழாய் அதிகம் இருந்தால் வறட்சியைத் தாங்கும் என்று நினைக்கத் தோன்றும். இஸ்ரேலில் புகையிலைச் செடியில் இப்படி ஒரு மரபணுவைக் கூடுதலாக இயங்க வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் தாராளமாக இருந்தபோது செழித்து வளர்ந்தது. காயவிட்டபோது மற்றச் செடிகளைவிடச் சீக்கிரம் வாடியது. உப்பிலும் பலன் இல்லை. 2003-இல் வந்த முடிவு அது. ஒரு மரபணுவைச் சேர்த்தால் வறட்சி தீரும் என்று யாராவது சொன்னால் இந்தப் புகையிலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மிளகாய்ச் செடிக்கு வருகிறேன். அதே 2003-இல், அதே மோரெல், பிரான்சின் மோன்பெலியே நகரில் தம் குழுவினரோடு இதற்கு விளக்கம் தந்தார். நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று இல்லை. ஆக்சிஜன் இல்லாத செல்லின் உள்ளே அமிலத்தன்மை கூடுகிறது. அக்வாபோரின் புரதத்தில் ஹிஸ்டிடின் என்ற ஓர் அமினோ அமிலம் அதை உணர்ந்ததும் குழாய் மூடிக்கொள்கிறது. வேர் வெள்ளையாக, அழுகாமல், முழங்கால் தண்ணீரில் நிற்கும். உறிஞ்ச வழியில்லை. இலை வாடும். இந்தச் சோதனை அராபிடாப்சிஸில் நடந்தது என்றாலும், அந்த ஹிஸ்டிடின் மற்றச் செடிகளின் இந்த வகைப் புரதங்களிலும் அதே இடத்தில் இருக்கிறது.

அவள் வேரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். நான் பார்க்காமலே பதில் சொன்னேன். அந்த வருடம் நம் பள்ளியில் படித்தவர்கள் யாரிடமாவது அவளுடைய எண் இருந்தால் இதை அனுப்பி வையுங்கள்.