விரலுக்கு ஒரு பூட்டு

மடக்குக் கத்தியின் அலகு தன் கூர் விளிம்புப் பக்கமாகவே மடங்குகிறது. பிடியைச் சுற்றி வளைந்த விரல்கள் இருப்பதும் அந்தப் பக்கம்தான். கயிற்றையோ ரொட்டியையோ அறுக்கும்போது ஆபத்தில்லை. அழுத்தம் அலகைத் திறந்தே வைத்திருக்கும். நுனியால் துளையிடும்போதும், மரத்தில் சிக்கிய அலகை அசைத்து இழுக்கும்போதும்தான் அது சட்டென்று மடங்கி விரலைப் பதம் பார்க்கும். மடக்குக் கத்திக்குப் பூட்டு வந்ததன் முதன்மையான காரணம் இந்த விபத்துதான், சண்டை அல்ல என்பதே என் வாதம்.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் உருவாக்கிய உழவர் கத்தி இதற்குச் சான்று. மரப்பிடியில் அறுத்த பள்ளம், ஓர் அலகு, ஓர் ஆணி, வில்கூடக் கிடையாது. மரத்தின் இறுக்கமே அலகை நிறுத்தியது. 1955இல் அவர் மகன் மார்செல், பிடியின் தலையில் பிளவுள்ள எஃகு வளையம் ஒன்றைச் சேர்த்தார். பிளவு பள்ளத்துக்கு நேராக இருந்தால் அலகு மடங்கும். கட்டைவிரலால் வளையத்தைத் திருகினால் அதன் கெட்டிப் பகுதி அலகின் அடியை மறித்து நிற்கும். 1964இல் அமெரிக்காவில் வந்த பக் 110 கத்தியில் முதுகுப்பக்க நெம்புகோல் அலகின் வெட்டில் விழுந்து பூட்டியது. அதை நாடியவர்கள், மடங்காத கத்தியின் உறுதி இடுப்புப் பையில் அடங்க வேண்டும் என்று விரும்பிய வேட்டைக்காரர்கள்.

ஸ்பெயினின் நவாஹா கத்தியைக் காட்டி இதை மறுக்கலாம். அதில் பூட்டு முன்பே இருந்தது. அதைக் கொண்டு சண்டையிடக் கற்பிக்கும் கையேடே 1849இல் மத்ரித்தில் வெளிவந்தது. உண்மைதான். ஆனால் கழுதை ஓட்டிகளும் மாலுமிகளும் அன்றாட வேலைக்கு வைத்திருந்ததும் அதே கத்திதான். பூட்டு தருவது, சமையலறைக் கத்திக்குப் பிறப்பிலேயே உள்ள உறுதியை மட்டுமே.

பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடுக்கும் பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம், அலகு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு விலக்களிக்கிறது. பூட்டுள்ளது அதில் சேராது என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவில் கத்திக்குத்தைத் தடுக்கும் அக்கறை நியாயமானது. வேலைக்காக வைத்திருப்பவருக்குச் சட்டம் இடம் விடுவதும் நல்லதே. ஆனால் பூட்டையே கொலைக்கருவியின் அடையாளமாக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 2000இல் ஒபினெல் வளையம் மடங்கிய அலகையும் பூட்டும்படி மாற்றப்பட்டது. மூடிய கத்தியைப் பூட்டுவதால் சண்டைக்காரனுக்கு ஒரு பயனுமில்லை. அதைச் சட்டைப்பையில் சுமப்பவனுக்குத்தான் பயன்.