கைத்தொழிலாக இருந்த இசை

இங்கிலாந்தின் நகரங்கள் பலவற்றில் 'வெயிட்ஸ்' எனப்பட்ட நகர வாத்தியக்காரர்கள் இருந்தனர். நகராட்சி அவர்களுக்கு ஊதியமும் சீருடையும் வழங்கியது. விழாக்களிலும் ஊர்வலங்களிலும் வாசிப்பது அவர்களுடைய கடமை. அவர்கள் ஊதிய 'ஷாம்' என்னும் கருவி, நம் நாகஸ்வரத்தைப் போலச் சீவாளி பொருத்தியது. திறந்தவெளிக்கே உரிய பெருநாதம் கொண்டது. இத்தொழிலைக் கற்க விரும்பிய சிறுவன் ஒரு வாத்தியக்காரரின் வீட்டில் தங்கிப் பல ஆண்டுகள் பயின்றான். 1604இல் லண்டன் இசைக்கலைஞர்களின் தொழிற்குழுவுக்கு அரச சாசனம் கிடைத்தது. தச்சையும் தையலையும் போல இசையும் ஒரு கைத்தொழிலாகவே மதிக்கப்பட்டது. பெரும் இசையமைப்பாளரான ஆர்லாண்டோ கிப்பன்ஸின் தந்தையும் ஒரு நகர வாத்தியக்காரரே.

1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டியது. அதற்குச் சற்று முன்பே, 1822இல், லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் நிறுவப்பட்டிருந்தது. குருவின் வீட்டிலிருந்து நிறுவனத்துக்கு இசைக்கல்வி இடம்பெயர்ந்த காலம் அது. அந்த இடப்பெயர்ச்சியில் இசைக்குக் கல்விப்புலத்தின் கௌரவம் கிடைத்தது. ஆனால் அந்தக் கௌரவத்துக்கு ஒரு விலையும் இருந்தது.

அவ்விலையை ஆறாம் படிவத்தில், அதாவது நம் மேல்நிலை வகுப்புகளுக்கு நிகரான இரண்டாண்டுப் படிப்பில், தெளிவாகக் காணலாம். 1951இல் அறிமுகமான 'ஏ லெவல்' தேர்வில் இசையும் ஒரு பாடம். பாஹ்கின் பாணியில் நான்கு குரல்களுக்குச் சுர இசைவு அமைத்தல், கேட்டதைச் சுரக்குறியீட்டில் எழுதுதல், குறித்த படைப்புகளை ஆராய்ந்து கட்டுரை வரைதல் என்று நெடுங்காலம் அது எழுத்தைச் சார்ந்தே நின்றது. இவை அரிய திறன்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பதினாறு வயதில் இத்தேர்வுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டுமெனில், ஏழெட்டு வயதிலேயே பியானோ ஆசிரியர் வாய்த்திருக்க வேண்டும். கேள்வி ஞானத்தால் கிதார் வாசிக்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் ஏறத்தாழ மூடியே இருந்தது. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின், உள்ளாட்சிகள் மலிவாக அளித்துவந்த கருவிப் பயிற்சியும் பல இடங்களில் சுருங்கியது.

மூடிய அந்த வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்தது. 1980களில் உருவான 'பீடெக்' என்னும் தொழிற்கல்வித் தகுதி (நம்மூர்ப் பொறியியல் பட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) பின்னர் இசைக்கும் வந்தது. இதில் மாணவர் ஒரு கச்சேரியை ஏற்பாடு செய்து நடத்துவார், ஒலிப்பதிவு செய்வார், ஒப்பந்தமும் பதிப்புரிமையும் எவ்வாறு இயங்குகின்றன என்று அறிவார். செய்த வேலையே பெரும்பாலும் மதிப்பிடப்பட்டது. 1991இல் தெற்கு லண்டன் குராய்டனில் தொடங்கப்பட்ட பிரிட் பள்ளி இவ்வகைக் கல்வியின் புகழ்பெற்ற இல்லம். அங்கே கட்டணம் இல்லை. பாடகி அடெல் 2006இல் அங்கிருந்து வெளியேறியவர்.

எனினும் சமமதிப்பு கிட்டவில்லை. விரிவான பீடெக் பட்டயம் மூன்று ஏ லெவல்களுக்கு நிகர் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்தும், 'படிப்பு வராதவர்களின் பாதை' என்ற ஏளனம் அதைத் தொடர்ந்தது. தொழிற்கல்வி குறித்த அலிசன் வுல்ஃபின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, குறைந்தது 3,50,000 இளைஞர்கள் பயனற்ற சான்றிதழ்களுக்காக உழைக்கின்றனர் என்று சாடியது. அச்சாடல் பெரிதும் கீழ்நிலைச் சான்றிதழ்களைக் குறித்தது. ஆயினும் தொழிற்கல்வி முழுவதன் மீதும் ஐயம் படர்ந்தது. பீடெக் படிப்புகள் பலவற்றுக்கு நிதியை நிறுத்தும் திட்டம் 2021இல் வந்தது. 2025 அக்டோபரில் வெளியான வெள்ளை அறிக்கை, 'வி லெவல்' என்னும் புதிய தகுதியை அறிவித்தது. பெயர்கள் மாறுகின்றன, சந்தேகம் மாறவில்லை.

வரலாற்றின் முரண் இங்கேதான் உள்ளது. கையால் கற்று, கூடி வாசித்து, கூலி பெறுவதே இசையின் மூத்த வழி. எழுத்துத் தேர்வு அதற்குப் பின் வந்த இளையது. மூத்ததை இன்று 'மாற்றுப் பாதை' என்கிறோம். 1604இல் சாசனம் பெற்ற வாத்தியக்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு சீர்திருத்தத்தின்போதும் தன் பாடம் அடுத்த ஆண்டு இருக்குமா என்று காத்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது சிரிப்புக்குரியதன்று.