சமணர் மலைக் குகையில் ஒரு கடிகாரம்

நமது கல்லூரிகளில் விலங்கியல் பயின்றோர் பலருக்குப் பூச்சிப்பெட்டி நினைவிருக்கும். வலையில் பிடித்த பூச்சியைக் குண்டூசியில் குத்தி, ஊரும் தேதியும் எழுதிய சீட்டோடு ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டிய பெட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாய்த் தீவுக் காடுகளில் ஆல்ஃபிரட் வாலஸ் செய்த பணியின் எளிய வடிவம் என்று அதைச் சொல்லலாம். அப்பெட்டி உயிரினத்தின் உருவத்தைக் காத்துத் தந்தது. ஆனால் அது எப்போது விழிக்கிறது, எப்போது உறங்குகிறது என்பதை இறந்த உடலிடம் கேட்க முடியாது.

அந்தக் கேள்வியை உயிரோடிருக்கும் விலங்கிடம், அது வாழும் இடத்திலேயே கேட்டவர்கள் மதுரை மாணவர்கள். 1966இல் தொடங்கி 1978இல் காமராசர் பெயரைப் பெற்ற நமது பல்கலைக்கழகத்துக்கு, எழுபதுகளில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் வந்து சேர்ந்தார். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் பழ ஈக்களை ஆராய்ந்தவர் அவர். கூட்டுப்புழு ஈயாக வெளிவரும் வேளையை அதன் உடலுக்குள் இயங்கும் கடிகாரமே தீர்மானிக்கிறது, ஒளி அக்கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது என்பதே அத்துறையின் அடிப்படை.

அப்படியானால் ஒளியே எட்டாத இடத்தில் வாழும் உயிர் நாளை எவ்வாறு அறியும்? விடை தேட அயல்நாட்டு ஆய்வகம் தேவைப்படவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அருகே, கீழக்குயில்குடியில், சமணர் மலைக் குகை இருந்தது. அங்கே நிலையான இருள். ஏறக்குறைய மாறாத வெப்பம். பூச்சிகளைத் தின்று வாழும் இலைமூக்கு வௌவால்களின் கூட்டம்.

மாணவர்கள் வௌவாலைக் கூண்டிலிட்டுக் குகைக்குள் வைத்து அதன் அசைவுகளைப் பதிவு செய்தனர். இனத்தார் இல்லாத குகையில் அதன் நாள் 24 மணி நேரத்திலிருந்து மெல்ல விலகிச் சென்றது. சுற்றிலும் கூட்டம் இருந்த குகையிலோ, கூண்டுக்குள் இருந்தபடியே அது மற்றவற்றோடு ஒத்து இயங்கியது. அந்திக்கு வெளியேறி விடியலில் திரும்பும் தோழர்களே அதற்குச் சூரியனாயினர். மாரிமுத்து, சுப்புராஜ், சந்திரசேகரன் மூவரும் 1978இல் இதை ஜெர்மானிய ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். குகைக்குள் இடையறாது விளக்கெரித்தால் அந்த ஒத்திசைவு குலைந்துவிடுகிறது என்பதை 1983இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு காட்டியது.

எண்பதுகளில் திசை மாறியது. கெர்ஹார்ட் நாய்வெய்லரும் அவருடைய குழுவினரும் ஜெர்மனியிலிருந்து மதுரைக்கு வந்து, இங்குள்ள வௌவால்களின் செவித்திறனையும் எதிரொலி கொண்டு அவை இரை தேடும் முறையையும் ஆராய்ந்தனர். அறிவைத் தேடி மேற்கே போவதே வழக்கமாயிருந்த காலத்தில் இது சிறு செய்தியன்று.

இவ்வரலாற்றை நாம் இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. மதுரையின் குன்றுகளைக் கல்லாகவும் கனிமமாகவும் மட்டுமே காணும் கண்கள் இன்றும் உள்ளன. 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய பகுதி, 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. மக்கள் போராடிய பின்னரே, 2025 ஜனவரியில் அது ரத்தாயிற்று. குன்றுகளுக்காக வாதிடும்போது நாம் தீர்த்தங்கரர் சிற்பங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அவற்றோடு, வெளியே தெரியாத இருண்ட பொந்துகளையும் சேர்த்துச் சொல்வது நல்லது. சிற்பத்தைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம். வௌவாலைப் பாடம் செய்து பேழையில் அடைக்கலாம். ஒரு கூட்டம் தன் பொழுதை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் இருளை மட்டும் எங்கும் எடுத்துச் செல்ல முடியாது.