கல்யாண முருங்கையின் சொந்தக்காரப் பலகை

சளி பிடித்தால் கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்து அடை சுடுவது நம் வீட்டு வைத்தியம். மிளகுக்கொடி ஏறவும், வேலி போடவும் அந்த மரம் உதவும். கட்டைக்கு மட்டும் மதிப்பில்லை. கையில் எடுத்தால் அவ்வளவு லேசு. அந்த லேசுக்காகவே அதே பேரினத்தைச் சேர்ந்த விலிவிலி மரத்தை ஹவாய்த் தீவுகளில் கொண்டாடினார்கள். தலைவர்கள் அலைமேல் சறுக்கிய நீளப் பலகையான ‘ஓலோ’வுக்கு அதுதான் மரம்.

அன்று பலகையைத் தேர்ந்தெடுப்பது என்றால் மரத்தைத் தேர்ந்தெடுப்பது. வெட்டுவதற்குமுன் ‘கூமு’ என்ற சிவப்பு மீனை அடிமரத்தில் காணிக்கை வைப்பார்கள். கல்வாச்சியால் செதுக்கி, பவளக்கல்லால் தேய்த்து, சாயமேற்றி, குக்குய்க் கொட்டை எண்ணெய் பூசுவார்கள். சாதாரணக் குடிகளுக்கு ‘அலாயா’. கோவா மரத்திலோ சீமைப்பலாவிலோ செய்த மெல்லிய, குட்டையான பலகை. கரையருகே செங்குத்தாக உடையும் அலைக்கு அலாயா. உடையாமல் உருண்டுவரும் பெரிய அலைக்கு ஓலோ. அந்தஸ்து பார்த்துப் பிரித்தார்கள் என்றாலும் கடலறிவும் அதில் இருந்தது.

ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் ஆப்னர் பாகி என்ற தலைவரின் பலகைகள் இருக்கின்றன. நீளம் 16 அடிக்குக் கொஞ்சம் குறைவு, எடை 70 கிலோவை ஒட்டி. பாகி ஆஜானுபாகு, மற்றவர்கள் அதைத் தண்ணீர்வரை சுமந்து போவதற்குள் மூச்சு வாங்கியிருக்கும்.

1926இல் அந்தப் பலகைகளைப் பழுதுபார்த்தவர் அமெரிக்க நீச்சல் வீரர் டாம் பிளேக். அதே நீளம் வேண்டும், ஆனால் எடை குறைய வேண்டும். என்ன செய்வது? செம்மரப் பலகையில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு, மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டினார். அடுத்து, உள்ளே வெற்றிடம் விட்ட பலகைக்கு 1932இல் காப்புரிமை பெற்றார். 1935இல் ஒரு பழைய படகின் ஃபின்னைப் பலகையின் அடியில் பொருத்தினார். திரும்பும்போது வால் வழுக்கிப்போன தொல்லை அதோடு குறைந்தது.

எனக்குப் பிடித்த திருப்பம் 1947இல் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் நடந்தது. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஒருவரின் மகளுக்காக ஜோ குவிக் பால்சா மரத்தில் 10 அடிப் பலகை செய்துகொடுத்தார். அவளால் தூக்க முடிய வேண்டும், காரில் அடங்க வேண்டும், அவ்வளவுதான். இரவல் வாங்கி ஓட்டிய ஆண்களுக்குத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. இன்றைய நீளப் பலகையான லாங்போர்டின் சாயல் அந்தப் ‘பெண் பலகை’யில்தான் முதலில் தெரிகிறது.

1958இல் ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் நுரைக்கு மாறியதும் பால்சா ஒதுங்கியது. 1967க்குப் பிறகு குட்டைப் பலகைகள் வந்து நீளப் பலகைகளையே சில காலம் ஓரங்கட்டின. பிற்பாடு அவை திரும்பி வந்தன.

2005 டிசம்பரில் கிளார்க் தன் நுரை ஆலையைத் திடீரென மூடினார். அமெரிக்கப் பட்டறைகளில் பெரும்பாலானவை அவருடைய நுரைக்கட்டிகளையே நம்பியிருந்தன, விலை எகிறியது. பலகையின் பழைய மரத்துக்கும் அதே ஆண்டில்தான் ஆபத்து வந்தது: ஏப்ரலில் ஹவாயில் ஒரு குட்டிக் குளவி தென்பட்டிருந்தது. அது முட்டையிட்ட இலைகள் வீங்கி, விலிவிலி மரங்கள் மொட்டையாகின, பல பட்டுப்போயின. அந்தக் குளவியைத் தின்னும் இன்னொரு குளவியைத் தான்சானியாவிலிருந்து கொண்டுவந்து 2008இல் விட்ட பிறகே மிஞ்சியவை மீண்டும் தழைத்தன. தென்னிந்தியாவுக்கும் அந்த முதல் குளவி வந்து சேர்ந்தது. கல்யாண முருங்கை இலை பறிக்கும்போது காம்பில் புடைப்பு தெரிந்தால், அது அதன் வேலையாக இருக்கலாம்.